அண்ணன் அடிக்காத ஆணி

எங்கள் அன்பு அண்ணன் மண்ணூரில், ஏரிக்கரையை ஒட்டிய தெருவில், ஒரு விவசாயக் குடும்பத்தின் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் ஆறு வருடம் கழித்து நான். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்து தங்காத பிள்ளைகள் இரண்டு என்று அம்மா சொல்வார். அதனாலோ என்னவோ அண்ணன் என்னைக் கடைசி வரை 'பாப்பா' என்றே கூப்பிட்டார். எனக்குப் பேரன் பிறந்த பிறகும் நான் பாப்பாதான்.

வருட நினைவு நாளுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் மறைந்தவரின் நற்குணங்களை எழுதுவது வழக்கம். அண்ணன் மகன் என்னிடம் கேட்டதும் அதைத்தான். "அத்தை, ஒரு பக்கம் எழுதிக் குடு, கடைசியில போட்டுக்கலாம்" என்றான். எழுத உட்கார்ந்தேன். அன்பு, அடக்கம், பொறுமை என்று அரைப் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. போன வருடம் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் கேட்ட பேச்சு நினைவுக்கு வந்தது. அண்ணன் மீது உண்மையான பாசம் வைத்திருந்த உறவினர் ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: "தங்கமான மனுஷன்பா. இன்னா, கொஞ்சம் மறதி. தானே அடிச்ச ஆணிய மறந்துட்டு மரத்த அறுத்து ரெண்டு வெரல வுட்டாரு." நாலு பேர் சிரித்தார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

அந்த ஆணியை அண்ணன் அடிக்கவில்லை. அடித்தது யார், எதற்கு என்று இன்று உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதாமல் அவருடைய பொறுமையைப் பற்றி எழுத எனக்கு வாயில்லை.

எனக்குப் பதினாறு வயதில் அப்பா இறந்தார். வீட்டுக்குப் பின்னால் கிணற்றோரம் ஒரு வாகை மரம், அப்பா வைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எழுப்பப் போனது நான். அதன் பிறகு அந்த மரத்தைப் பார்த்தாலே அலறினேன், சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கென்றால் துக்கம் என்று சொல்லிவிடுவார்கள். அன்றைக்குப் பேய்க்காற்று பிடித்திருக்கிறது என்றார்கள். அண்ணன் அப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பிட்டர். ரூம் எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அவர் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா பூசாரியை அழைத்து வந்தார். பூசாரி என் உச்சந்தலையிலிருந்து ஒரு கொத்து முடியை எடுத்து, ஒரு சாண் நீள ஆணியில் சுற்றி, அந்த வாகை மரத்திலேயே அறைந்துவிட்டுப் போனார்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா பூசாரிய அடிக்கப் பூடுவான். வெளிய தெரிஞ்சா உன்ன எவன் கட்டுவான்? வாயத் தொறக்காத" என்றார் அம்மா. நான் திறக்கவில்லை. ஆணியின் தலையை இரண்டு மூன்று வருடத்தில் பட்டை மூடிவிட்டது. பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

1991-ல் கம்பெனி லாக்-அவுட் ஆகி, அண்ணன் அண்ணியோடும் கைக்குழந்தையோடும் ஊருக்குத் திரும்பினார். வந்தவர் சும்மா உட்காரவில்லை. பழைய ஆங்கிள்களை வெல்டு வைத்துத் தண்டவாளம் போட்டார். அதன் மேல் மரத்தைக் கிடத்தித் தள்ள ஒரு டிராலி. அப்பா விட்டுப்போன பம்புசெட் இன்ஜினுக்குப் பெல்ட் மாட்டி வட்ட ரம்பம் ஓட்டினார். வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு சின்ன மரம் அறுக்கும் பட்டறை எழுந்துவிட்டது. உங்கள் மரத்தைக் கொண்டுவாருங்கள், உங்கள் பலகையை எடுத்துப்போங்கள் என்பதுதான் தொழில். முதலில் மரத்தை டிராலியில் வைத்து நீளவாக்கில் பலகையாக அறுப்பார். அந்தப் பலகையின் இரண்டு ஓரத்திலும் பட்டை ஒட்டிக்கொண்டு வளைந்து நெளிந்து இருக்கும். பிறகு ஒவ்வொரு பலகையாகக் கையால் தள்ளி அந்த ஓரத்தை நேராகச் சீவி எடுப்பார். மறுபக்கம் நின்று பலகையை வாங்கி இழுப்பது என் வேலை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

ஒரு விஷயத்தில் அண்ணன் விடாக்கண்டர். வீட்டு மரத்தில் இரும்பு இருக்கும், ரம்பத்தில் பட்டால் உயிருக்கே ஆபத்து என்பார். மரத்தைக் கொண்டுவந்தவரை நிற்க வைத்து விசாரணை நடக்கும். "மாடு கட்டினீங்களா? தூளி கட்ட கொக்கி அடிச்சீங்களா? எலக்‌ஷனுக்குத் தட்டி கட்டினாங்களா?" பிறகு பழைய ரேடியோவில் கழற்றிய காந்தத்தை மரம் முழுக்கத் தடவுவார். சந்தேகம் வந்த இடத்தை உளியால் கொத்திப் பார்ப்பார். "இன்னாப்பா, போலீசு மாதிரி கேக்குற" என்று அலுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. இப்படிப்பட்டவரைத்தான் மறதிக்காரர் என்று முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிவருகிறோம்.

அந்த வருடமே எனக்குப் படப்பையில் சம்பந்தம் பேசி முடித்தார்கள். சீர்க் கட்டிலுக்குக் கடைப் பலகை வேண்டாம், அப்பா வைத்த வாகையிலேயே செய்வோம் என்று அண்ணன் மரத்தை வெட்டினார். ஆணியைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன், தினமும் தள்ளிப்போட்டேன். இத்தனை வருடத்தில் ஆணி துருப்பிடித்து உதிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பலகை அறுப்பதைப் பார்க்க வாருங்கள் என்று சம்பந்தி வீட்டாரை அண்ணனே அழைத்திருந்தார். அவருக்கு அதில் ஒரு பெருமை. ஒரு காலை என் மாமனாராகப் போகிறவரும் மாப்பிள்ளையும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். நான் நல்ல புடவை கட்டியிருந்ததால், "நீ இழுக்க வேணாம் பாப்பா, தள்ளி நில்லு" என்று அண்ணன் தனியாகவே வேலையை ஆரம்பித்தார். நாலு பலகை அழகாக வந்தது. ஐந்தாவது பலகையின் ஓரத்தைச் சீவ எடுத்தவர், பட்டையை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு நீலக்கறுப்பாக ஒரு கறையைப் பார்த்து இன்ஜினை நிறுத்தினார். மரத்துக்குள் இரும்பு இருந்தால் அப்படித்தான் கறுப்பு ஓடும். அதை எனக்குச் சொல்லியிருந்ததே அவர்தான். காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. ஆழத்தில் இருந்தால் ஒட்டாது.

"பாப்பா, நீதான் இங்கயே இருந்தவ. இந்த மரத்துல யாராச்சும் ஆணி கீணி அடிச்சாங்களா?"

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்றால் எதற்கு என்று கேட்பார்கள். துணிக்கொடிக்கு என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். இந்தப் பலகை வேண்டாம் அண்ணா என்றாவது சொல்லியிருக்கலாம். அதெல்லாம் எனக்குத் தோன்றியது இரண்டு நாள் கழித்து.

"இல்லண்ணா. கெணத்துத் தண்ணி ஊறி ஊறி கறுத்திருக்கும்" என்றேன்.

ஊரில் வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அண்ணன் உளியை எடுத்திருப்பார். நான் சொன்னதால் இன்ஜினை மறுபடி ஓட்டினார். அவர் பலகையைத் தள்ளத் தொடங்கியபோது நான் மட்டும் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.  இதையும் எழுதிவிடுகிறேன்: என் உடம்புக்குத் தெரிந்திருந்தது, அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

கிணீரென்று ஒரு சத்தம். பலகை துள்ளித் திரும்பியது. அண்ணனின் இடது கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. மாப்பிள்ளைதான் தன் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றி, ஸ்கூட்டரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

வீடு திரும்பிய மறுநாள் காலை அண்ணன் அந்தப் பலகையைத் தேடி எடுத்தார். கட்டுப் போட்ட கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் உளியை வைத்துப் பிளந்தார். நான் சமையலறைச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி ஆணி வந்தது. அதைச் சுற்றி முடியும் வந்தது, நீள முடி. அண்ணன் அதைப் பிரித்து மடியில் நீட்டிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிச் சன்னலைப் பார்த்தார். நான் குனிந்து அடுப்பை ஊதினேன். அவர் எழுந்து வந்து பலகைத் துண்டுகளையும் முடியையும் அந்த அடுப்பிலேயே போட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

மதியம் மாமனார் பார்க்க வந்தார். "இரும்பு கீதா இல்லியான்னு பாக்காமலா அறுக்கிறது? யாருப்பா அங்க ஆணி அடிச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் மாமா. துணி காயப்போட அடிச்சேன். மறந்தே பூட்டேன்" என்றார் அண்ணன்.

காபி டம்ளரோடு நான் வாசற்படியில் நின்றேன். பேச அதைவிட நல்ல நேரம் என் வாழ்நாளில் வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, "பாப்பா, மாமாவுக்கு காபி ஆறிடப் போவுது, குடு" என்றார். கொடுத்தேன். குறித்த முகூர்த்தத்தில் என் கல்யாணம் நடந்தது. கட்டுப் போட்ட கையோடு அண்ணன் எனக்குத் தாரை வார்த்தார்.

தானே அடித்த ஆணியை மறந்தவரிடம் யார் மரத்தை நம்பிக் கொடுப்பார்கள்? நிலைக்கும் கதவுக்கும் வந்துகொண்டிருந்தவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். பேக்கிங் பெட்டிக்கு மட்டமான பலகை அறுத்துச் சில காலம் ஓட்டினார். பின்னாளில் ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்து பிட்டர் வேலைக்கு ஆள் எடுத்தபோது, மெடிக்கலில் கையைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அப்படி ஒரு கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டியாக நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். யார் ஆணியைச் சொல்லிக் கிண்டல் செய்தாலும், "ஆமா, மறதிதான்" என்று சிரிப்பார். நான் அந்த இடத்தில் இருந்தால் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, என் மாமியார் தலை வாரிக்கொண்டே சொன்னார்: "சின்ன வயசுல எனக்கு ஒரு வாட்டி காத்து புடிச்சிதுன்னு முடிய எடுத்து பனமரத்துல அடிச்சாங்க. இந்த எடத்துல அப்பறம் முடியே சரியா மொளைக்கல, பாரேன்." எதற்குப் பயந்து நான் அண்ணன் கையைக் கொடுத்தேனோ, அது அந்த வீட்டில் தலை வாரும்போது பேசும் பேச்சாக இருந்தது.

சர்க்கரை நோய் முற்றி அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் அவருடன் இருந்தேன். ஒரு மதியம் நாங்கள் இருவர் மட்டும். "அண்ணா, அந்த வாகை மரம்..." என்று ஆரம்பித்தேன். நர்ஸ் ஊசி போட வந்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதிதான் என் வாழ்க்கையிலேயே கேவலமானது. மூன்றாம் நாள் அண்ணன் இறந்துவிட்டார்.

அண்ணனின் கடைசி நாட்களில் ரத்தம் கொடுத்த அவருடைய ஷிப்ட் நண்பர்களுக்கும், மண்ணூர்த் தெருக்காரர்களுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று சட்டையைக் கழற்றிச் சுற்றிய என் கணவருக்கு இத்தனை நாள் இதை மறைத்ததற்கு, நன்றியோடு மன்னிப்பும் சேர்த்துக் கேட்கிறேன். இனி யாராவது அண்ணனை மறதிக்காரர் என்று சொன்னால், தயவுசெய்து இந்த மலரை அவர்கள் கையில் கொடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். அவருக்கும் அண்ணன் சொல்லியிருக்கவில்லை. அண்ணி தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இத்தினி வருஷமா அவருக்குச் சட்டப் பொத்தான் நான் போட்டு வுட்டேன். கவனமில்லாத மனுஷன்னு நானே எத்தினி வாட்டி திட்டிக்கீறேன் தெரியுமா? அவரு உசுரோட இருக்கும்போது சொல்றதுக்கு இன்னா உனக்கு?" என்றார்.  இது வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் அண்ணி என்றேன்.

"கிழிக்காத. கடைசிப் பக்கத்துல போடாத. சாப்ட்டுட்டு கெளம்புறவங்க அவ்ளோ தூரம் படிக்க மாட்டாங்க. மொதப் பக்கத்துல போடு" என்றார். அதற்குப் பிறகு இன்று வரை அண்ணி என்னோடு பேசவில்லை. இந்தக் கட்டுரை முதல் பக்கத்தில் இருப்பது அவர் சொன்னதால்தான்.