வருகை தாமதித்தால்

எங்கள் வீட்டில் எந்தத் திட்டத்தையும் யாரும் நேராகச் சொல்வதில்லை. "வருகை தாமதிச்சா வர்ற மாசம் சுவருக்கு வெள்ளையடிச்சிரலாம்" என்பார் என் மாமியார். "வருகை தாமதிச்சா லீவுல பாப்பாவுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்." வருகை என்றால் கர்த்தருடைய இரண்டாம் வருகை. நான் பிறந்தது ஸ்ரீரங்கத்தில். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு பாலக்கரையில் இந்தக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வந்தவள். மதம் மாறவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. இந்த வார்த்தையைக் கேட்டு முதல் வருடம் சிரித்தேன். பத்தாவது வருடம் அதே வார்த்தையைக் கேட்டால் பயம் வர ஆரம்பித்தது.

காரணம் என் மகள். எட்டு வயது. மாமியாரோடு சபைக்குப் போவாள். ஒருநாள் ஞாயிறு பள்ளியில், இரண்டு பெண்கள் மாவரைத்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவாள் என்று கேட்டுவிட்டு வந்தாள். அன்று முதல் கிரைண்டர் ஓடும்போது நானும் அத்தையும் சேர்ந்து நிற்கக் கூடாது. நடுவில் புகுந்து என் புடவையைப் பிடித்துக்கொள்வாள்.

"நீ ஞானஸ்நானம் எடுக்கலல்லம்மா. நீ இங்கயே இருந்துருவ."

டிபன் பாக்ஸில் ஸ்பூன் வைக்கவில்லை என்பதுபோலத்தான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

சண்டை போடுவதற்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று அத்தையிடமே கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு போட்டார். முதலில் இரகசிய வருகை. உண்மையாய்க் காத்திருந்தவர்கள் அந்த நொடியே, போட்டது போட்டபடி மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். பிறகு ஏழு வருடம் பூமியில் உபத்திரவம். அதற்கப்புறம் எல்லாரும் பார்க்க அவர் இறங்கி வருவார். சாத்தானைக் கட்டிப் போட்டுவிட்டு ஆயிரம் வருடம் ஆளுவார். கடைசியில் நியாயத்தீர்ப்பு, புதிய வானம், புதிய பூமி. கையில் டிக்கெட் உள்ளவர் ரயில் நேரம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"சின்னப் பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"அவங்கல்லாம் போயிருவாங்கம்மா. அவங்க மேல என்ன குத்தம் இருக்கு?"

என்னைப் பற்றி நான் கேட்கவில்லை. அத்தை நோட்டை மூடிவிட்டார்.

என் கணவரிடம் போனால் அவர் வேறு பாட்டுப் பாடினார். காலமான அவருடைய அப்பா வேறொரு பழைய சபையைச் சேர்ந்தவர். அங்கே இந்த ஆயிரம் வருடத்தைக் கணக்காக எடுத்துக்கொள்வதில்லையாம். அது ஓர் அடையாளம், இப்போதே நடந்துகொண்டிருக்கிற ஆட்சி, இரகசிய வருகை என்று தனியாக ஒன்று கிடையாது என்றார். "அப்ப அதைப் புள்ளைகிட்ட சொல்லுங்க" என்றேன். "அம்மா மனசு கஷ்டப்படும்" என்று நழுவிவிட்டார். ஒரே வீட்டில் உலகத்துக்கு இரண்டு முடிவுகள். நடுவில் ஒரு பிள்ளை தூங்காமல் என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள்.

எங்கள் ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் வருடா வருடம் திறக்கும். வைகுண்ட ஏகாதசிக்கு அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போவார். ஒரு வருடம் எனக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார் அப்பா. அவ்வளவுதான் விஷயம். இங்கேயோ கதவு ஒரே ஒரு முறைதான். அதுவும் எப்போது என்று தெரியாது. இந்த அவசரம் எனக்குப் பழகவே இல்லை.

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை. அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மதியம் திரும்பினேன். வாசல் கதவு திறந்து கிடந்தது. மூன்று ஜோடிச் செருப்பும் வாசலில் இருந்தன. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திறந்திருந்த வேதப்புத்தகத்தின் மேல் அத்தையின் கண்ணாடி. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மகளின் கலர் பென்சில் மூடாத பெட்டியோடு தரையில் கிடந்தது. கூப்பிட்டேன். யாரும் இல்லை.

போட்டது போட்டபடி.

அடுப்பை அணைத்தேன். நம்பாதவள்தானே நான், எனக்கென்ன? ஆனால் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நரகமும் உபத்திரவமும் நினைவுக்கு வரவில்லை. அவள் கையில் என் முந்தானை இல்லாமல் போயிருக்கிறாளே என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

அடுத்து நான் செய்ததை இன்றுவரை கணவரிடம் சொல்லவில்லை. சபைப் பாஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் போகாமல் வேறு யார் போயிருப்பார்? முதல் முறை மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை எடுத்தார்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர், சொல்லுங்க. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"ஒண்ணுமில்லைங்க பாஸ்டர். நீங்க இருக்கீங்களான்னு..."

"இருக்கேம்மா. வீட்டுக்கு வரணுமா?"

வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அப்படியானால் வருகை நடக்கவில்லை. மறுநிமிடமே, பாஸ்டரும் என்னைப்போல இங்கேயே விடப்பட்டிருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது.

அப்போதுதான் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மூன்று பேரும் வெறுங்காலோடு, பாதி நனைந்து இறங்கி வந்தார்கள். கணவர் கையில் சுருட்டிய பழைய வேட்டி, அதில் ஒட்டிய வடாம். வானம் இருட்டியதைப் பார்த்து வடாத்தை எடுக்க ஓடியவர்களைக் கோடைத் தூறல் பிடித்துக்கொண்டதாம். வேறொரு நாளாக இருந்தால் நான் முதலில் மாடியில்தான் தேடியிருப்பேன். மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, அத்தையைப் பார்த்து வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினேன்.

"பத்து வருஷமா நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்தப் புள்ள என்னை விட்டுட்டுப் போயிருவோம்னு தினம் பயந்து சாகுது. இப்ப நானும் சாகுறேன். இதுதான் நீங்க காத்துக்கிட்டிருக்கிற நல்ல நாளா அத்தை?"

கணவர் குனிந்து வேட்டியைத் தரையில் விரித்தார். அத்தை முகத்தைத் துடைக்கவில்லை. மேசைக்குப் போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாப்பது வருஷமா தினம் காலைல 'சீக்கிரம் வாரும்'னு ஜெபம் பண்ணினவதான் நான்" என்றார். "நீ இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு அதை நிறுத்திட்டேன். கொஞ்சம் பொறுங்க ஆண்டவரே, இவ இன்னும் உங்ககிட்ட வரலன்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

எனக்கு நம்பிக்கை ஒன்றும் வந்துவிடவில்லை. மகள் என் முந்தானையை விட்டுவிட்டு, ஈர வடாத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தாம்பாளத்தில் வைக்க ஆரம்பித்தாள்.

"நாளைக்கு மறுபடி காய வைக்கணும்" என்றார் அத்தை.

"வருகை தாமதிச்சா" என்றேன்.