கேட்டுவிட்டு ஆடிய கௌமுதி சேச்சி

செய்தி கொண்டு வந்தவர் ஹமீதிக்கா, எங்கள் நடனக் குழுவின் தாளக்காரர். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நான் டைப்பிஸ்டாக இருக்கும் மிளகுக் கம்பெனிக்குக் காலையிலேயே சைக்கிளில் வந்து, என் டைப்ரைட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மேசையோ தகரமோ, எது கிடைத்தாலும் விரலால் தட்டிக்கொண்டே இருக்கிற மனிதர் அவர். அன்று அந்தக் கை அசையவில்லை. "சேச்சி போயி, செல்வி. ஒறக்கத்தில" என்றார். "எந்த சேச்சி?" என்று கேட்டேன். எங்களுக்கு இருந்ததே ஒரு சேச்சிதான்.

கௌமுதி சேச்சிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். எவ்வளவு தாண்டியது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "ஆடறவளோட வயசு அவளோட முட்டிக்குத்தான் தெரியும், அதுகிட்ட கேளு" என்பார். திருப்பூணித்துறையில் பெரிய வீட்டுப் பெண். பம்பாய்க்குப் போய்ப் புதுவகை நடனம் கற்றுக்கொண்டு திரும்பியவர், வீட்டார் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கும்பிடு போட்டுவிட்டு, எழுபதுகளின் நடுவில் எங்கள் தெருவில் காலியாய்க் கிடந்த கிடங்கின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தார். சலங்கை கிடையாது, நகை கிடையாது, சாமி கதை கிடையாது. ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு தரையில் உருளுவார்கள். ஊரில் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பேச்சில் பாதி என் காது வழியாகத்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் அங்கே போனது சண்டை போடத்தான். கிடங்கின் கீழ்த்தளம் எங்கள் கம்பெனி. மேலே இவர்கள் குதித்தால், பலகை இடுக்கில் பல வருஷமாகத் தங்கியிருந்த மஞ்சள் தூள் என் கார்பன் தாள் மேல் விழும். ஒருநாள் பொறுக்க முடியாமல் மாடியேறிக் கத்தினேன். சேச்சி நிதானமாக, "எப்பழாக்கும் விழறது? சாடறப்பவா, காலு வெக்கறப்பவா?" என்று கேட்டார். "இப்படிக் குதிக்கிறப்ப!" என்று நானே குதித்துக் காட்டினேன். "மனசிலாயில்ல. ஒருக்காக்கூட காட்டு" என்றார். கோபத்தில் இன்னும் பலமாகக் குதித்தேன். கீழே எங்கள் மானேஜர் தும்மும் சத்தம் கேட்டது. அடுத்த மாதம் ஆபீஸ் விட்டதும் நேராக மாடிக்குப் போகிறவளாகிவிட்டேன். "சண்டைக்கு வந்து கூட்டத்தில சேந்தவளாக்கும்" என்றுதான் கடைசிவரை என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார்.

முதல் நிகழ்ச்சியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அந்த மாடியில் முன்பு மஞ்சளோடு வற்றல் மிளகாய் மூட்டையும் அடுக்கியிருந்தார்கள். பலகையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும் என்று நாங்கள் நம்பினோம். சரக்குக் கிடங்குகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள் அப்படி நம்பலாமா? கூட்டம் நிறைந்து, ஃபேன் சுழன்று, நாங்களும் தரையில் உருளத் தொடங்கியதும் காரம் கிளம்பியது. எங்கள் கண்ணில் தண்ணீர் கொட்டியது, பார்க்க வந்தவர்கள் கண்ணிலும் கொட்டியது. சேச்சி நிறுத்தவில்லை, அதனால் யாரும் நிறுத்தவில்லை. மறுநாள் ஒரு பத்திரிகைக்காரர், நடனம் பார்த்து ஒரு சபையே அழுததைத் தான் கண்டதில்லை என்று எழுதினார். அந்தத் துண்டை வெட்டிக் கதவில் ஒட்டி, அடியில் 'மிளகாய்க்கு நன்றி' என்று மலையாளத்தில் எழுதிவைத்தார் சேச்சி.

இந்த விளையாட்டுக் குணத்துக்கு அடியில் அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. யாருடைய வேலையைப் பார்த்து ஓர் ஆட்டத்தை உண்டாக்குகிறோமோ, முதல் ஆட்டம் அவர்களுக்கு, அவர்கள் இடத்திலேயே. அவர்கள் வேண்டாம் என்றால் அந்த ஆட்டம் அதோடு சரி. இடக்கொச்சியில் இறால் உரிக்கும் ஷெட்டில் ஈரத் தரையில் ஆடினோம். உரிக்கிற பெண்களின் கஷ்டத்தைக் காட்டுகிறோம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாங்கள் ஆட, அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இல்லாதது பொல்லாதது பேசிச் சிரிச்சுக்கிட்டாக்கும் நாங்க உரிக்கறது, நீங்க என்னத்துக்கு அழறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். சேச்சி அங்கேயே நின்று பாதி ஆட்டத்தை மாற்றினார். ஏலூர் தொழிற்சாலைக் குடியிருப்பில் மறுப்பே கிடைத்தது. உழைத்து உருவாக்கிய ஆட்டத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். திரும்பி வரும்போது எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். "ஆடறது நம்மளாக்கும். ஆட்டம் அவங்களோடதாக்கும்" என்றார் சேச்சி. அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் அப்பா மாடசாமி சலவைத் தொழிலாளி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் கொச்சிக்கு வந்தவர். இங்கே டோபிகானாவில் ஆளுக்கொரு கல்லும் தொட்டியும் உண்டு. முறுக்கிய கயிற்றுக்கு நடுவில் துணியின் நுனியைச் சொருகி வெயிலில் காயவிடுவார்கள். கிளிப் எல்லாம் கிடையாது. எங்கள் குழுவின் உடைகளை அப்பாதான் வெளுப்பார். அழுக்குத் துணி மூட்டையை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் சேச்சியே தூக்கிக்கொண்டு வருவார். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இன்னும் கொறச்சு நேரம் பாக்கட்டா?" என்று அனுமதி கேட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்து உண்டானதுதான் துணி ஆட்டம்.

மேடை நீளத்துக்கு ஒரே ஒரு வெள்ளைத் துணி. அது கை மாறி மாறி, முறுக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, உதறப்பட்டு வரும். கடைசியில் மற்றவர்கள் விலகிவிட, நான் ஒருத்தி அதைக் கயிற்றில் சொருகி நிமிர்ந்து நிற்க வேண்டும். சேச்சி செய்தவற்றில் இதுவே சிறந்தது என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எர்ணாகுளத்தில் பெரிய மண்டபம் ஒன்றில் ஆட அழைப்பு வந்தது. வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள், பிடித்துப்போனால் அங்கெல்லாம் கூப்பிடுவார்கள் என்றார்கள். டைப்ரைட்டர் முன்னால் முதுகு வளைந்துகொண்டிருந்த எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

டோபிகானாவில் முதல் ஆட்டத்துக்கு நாள் குறித்திருந்தோம். அதற்குள் மண்டபத்துக்காரர்கள் அவசரப்பட்டுச் சுவரொட்டி அடித்து ஒட்டிவிட்டார்கள். படகு ஜெட்டிச் சுவரில், கையில் துணியோடு என் படத்தை அப்பா பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

"எங்க ஊர்ல எவன் செத்தாலும் எவ பெத்தாலும் நாங்க போயி தீட்டுக்கு மாத்துத்துணி விரிக்கணும். விரிச்சிட்டு, வாசல்ல நின்னு சோத்த வாங்கிட்டு வரணும். அது வேண்டாம்னுதான் இங்க ஓடியாந்தேன். இங்க வந்த பொறவுதான் இது தொழிலாச்சு, கூலியாச்சு. இத ஒருத்தன் சீட்டு வாங்கி வேடிக்க பாக்க வேண்டாம். எம்மவ கையில துணியக் குடுத்து மேடையில நிறுத்த வேண்டாம்" என்றார். குரல் உயரவேயில்லை.

சேச்சி சுவரொட்டிக்காக மன்னிப்புக் கேட்டார். வேறு ஒரு வார்த்தை வாதாடவில்லை. "செரி, அண்ணாச்சி" என்றார். அன்றே எர்ணாகுளத்துக்குப் படகேறிப் போய், ஆட வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அவரும் ஹமீதிக்காவும் ஒரு வாளித் தண்ணீரும் தகரத் துண்டுமாய்ச் சுவர் சுவராகப் போய்ச் சுவரொட்டிகளைச் சுரண்டி எடுத்தார்கள். குழுவில் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "எங்கப்பாவ நான் சமாதானம் பண்றேன் சேச்சி, ஒரு வாரம் குடுங்க" என்று கெஞ்சினேன். "சமாதானம் பண்ணி வாங்கறது சம்மதமில்ல, செல்வி" என்றார். அந்த மண்டபத்துக்காரர்கள் எங்களை அதற்குப் பிறகு அழைக்கவே இல்லை.

அவர் டோபிகானாவுக்கு வருவதும் நிற்கவில்லை. அதே மூட்டை, அதே தொட்டி விளிம்பு, அதே சாயா. மழையைப் பற்றிப் பேசுவார், நீலத்தின் விலையைப் பற்றிப் பேசுவார். துணி ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று கேட்டார்: "அந்தம்மா ஏன் பொறவு கேக்கவேயில்ல?"

"நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே."

"ஒருக்கா சொன்னா அதோட விட்ருவாங்களா? எல்லாவனும் ரெண்டாவது கெஞ்சுவான், மூணாவது மெரட்டுவான். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், இவங்க கேக்கவே மாட்டேங்காங்க." சோற்றைப் பிசைந்து ஓர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. நாங்க மட்டும் பாக்கோம். வெளியாளு வேண்டாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை டோபிகானாவில் வேலையை நிறுத்திவைத்திருந்தார்கள். ஈரக் கல்லுக்கு நடுவில், காய்கிற வேட்டிகளுக்கு நடுவில் ஆடினோம். ஹமீதிக்கா காலித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் போட்டார். கடைசியில் நான் துணியை நிஜக் கயிற்றிலேயே சொருகினேன். பக்கத்துக் கல்லு அத்தை ஒருத்தி, "கோணலா இருக்குட்டி!" என்று கத்த, கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அங்கே மிளகாய் கிடையாது. "நல்லாருக்கு" என்றார். பிறகு, "இது இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

வெளியே ஆடச் சம்மதம் தரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. சேச்சி துணியைக் கயிற்றிலிருந்து எடுத்து மடித்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார். "அப்ப இதும் இங்க இருக்கட்டு, அண்ணாச்சி." அப்பா வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் எத்தனையோ ஆட்டங்கள் ஆடினோம். துணி ஆட்டத்தை எங்கேயும் ஆடவில்லை.

ஹமீதிக்கா சொன்ன செய்தியை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு ஓடினேன். கேட்டதும் அப்பா எழுந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்தார். வெளுத்தார், கஞ்சி போட்டார், கரிப்பெட்டியைப் பற்றவைத்துத் தேய்த்தார். கொஞ்ச நாளாகவே கை வலி என்று வேலையை என் தம்பியிடம் விட்டிருந்த மனிதர், அன்று யாரையும் தொடவிடவில்லை.

சேச்சியின் அண்ணன் பம்பாயிலிருந்து வர வேண்டியிருந்ததால் தகனம் மறுநாள். திருப்பூணித்துறை வீட்டு முற்றத்தில் நானும் அப்பாவும் போய் நின்றபோது, அந்த வீட்டுப் பெரியவரான காரணவர் ஒருவர் துணிப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, சலவைக்காரர் சடங்குக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, பின்பக்கம் போய் நிற்கச் சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறக்கும் முன் அப்பா என் கையைப் பிடித்தார்.

"யாரும் கூப்பிட்டு வரல. இவங்க எங்க ஆளு" என்றார், தமிழிலேயே. சொல்லிவிட்டு முன்வாசல் வழியாக உள்ளே போனார். எந்தச் சாவுக்கும் இனித் துணி விரிக்க மாட்டேன் என்று ஊரை விட்டு வந்தவர், அந்தத் துணியைச் சேச்சிக்குத் தலையிலிருந்து கால்வரை ஒரு சுருக்கமில்லாமல் போர்த்தினார். யாரும் தடுக்கவில்லை. அதோடுதான் அவரை எடுத்துப் போனார்கள்.

ஒரு மண்டபத்தில் நடத்தவிருக்கும் நினைவுக் கூட்டத்தைப் பற்றிப் பேச நாங்கள் கூடியபோது, துணி ஆட்டத்தைத்தான் ஆட வேண்டும் என்றார் ஹமீதிக்கா. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்பா டோபிகானாவில் கயிற்றடியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன், ஒரே ஒருமுறைதான் கேட்டேன். "அந்தத் துணியும் போயிருச்சுப்பா" என்றும் சொன்னேன்.

"துணிக்கா இங்க பஞ்சம்?" என்றார். கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "ஆடு. எங்க வேணா ஆடு. அந்தம்மா இனி கேக்க வர மாட்டாங்கல்லா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சேச்சியை அறிந்தவர்களே, அவரிடமிருந்து ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள். ஒருவர் அந்தச் சிரிப்பை, ஒருவர் அந்தத் துணிச்சலை. நான் வைத்திருப்பது, ஒருமுறை கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அந்த வழக்கத்தை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை டோபிகானாவில் ஆடுகிறோம், புதுத்துணியோடு. அப்பாவும் மற்றவர்களும் பார்க்கட்டும். மண்டபத்துக்கான சுவரொட்டியை அதற்குப் பிறகு அச்சடித்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.