குடைக் கணக்கு

கடலூர் முதுநகரில் நஸ்ருதீன் வீடு எது என்று கேட்டால், எந்த நஸ்ருதீன் என்று திருப்பிக் கேட்பார்கள். 'பார்ட்டி' நஸ்ருதீன் என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிடுவார்கள். மற்ற நாட்களில் அவர் லாரி புக்கிங் ஆபீசில் தலை நிமிராத குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஆளே வேறு. தலையில் மடிப்புக் கலையாத தொப்பி, தோளில் துண்டு, வாய் நிறைய வெற்றிலை. வாடகைக்கு ஒரு பஸ்ஸைப் பிடித்து ஊர்ஜனங்களை ஏற்றிக்கொண்டு, குறிஞ்சிப்பாடிக்கு அந்தப் பக்கம் பெருமாள் ஏரிக்கரையில் இருக்கும் பழைய பங்களாத் தோட்டங்களைக் காட்டுவார். பிறகு சிதம்பரம் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் ஊரில் கொண்டுவந்து சேர்ப்பார். அறுபதுகளில் அந்தத் தெருவில் 'டூர்' என்ற சொல்லை முதலில் சொன்னவர் அவர்தான். சொல்லும்போது நெஞ்சும் கொஞ்சம் நிமிரும்.

மொத்தம் மூன்று தோட்டம். கம்பெனிக் காலத்தில் வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்த்த துபாஷ் ஒருவர் போட்டது ஒன்று. வெள்ளைக்காரத் துரை விட்டுப் போனது ஒன்று. இந்த இரண்டையும் நஸ்ருதீன் ஓட்டமாக ஓட்டிக் காட்டிவிடுவார். மூன்றாவதான கப்பல்கார மரைக்காயர் தோட்டத்தில்தான் அவருக்கு உயிர். சப்போட்டா மரங்கள், பாசி பிடித்த நீரூற்றுத் தொட்டி, ஏரியில் இறங்கும் படித்துறை, நடுவில் காரை உதிர்ந்த மாடி வீடு. அங்கே போனதும் நஸ்ருதீன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். மரைக்காயருக்குத் தன் மனைவி மேல் அப்படி ஒரு பிரியமாம். கப்பலேறிப் போனால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அவள் மனம் வாடக் கூடாதென்று மாடியில் பெண்கள் மட்டும் புழங்கும் கட்டுக்குள் அவளுக்கென்று ஒரு அறை. அதில் பூவேலை செய்த சாளரம். உள்ளே உட்கார்ந்தால் ஏரி முழுக்கத் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அவள் நிழல்கூடத் தெரியாது.

"இந்தக் காலத்துல பொண்டாட்டியை யாரு இப்படி நெனைக்கிறா, சொல்லுங்க பாப்போம்!" என்று முடிப்பார்.

கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நஸ்ருதீன் சரக்கு என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். ஆனால் கேட்கிற பெண்களில் யாராவது ஒருத்தி துப்பட்டி முனையால் கண்ணைத் துடைக்காமல் இருந்ததில்லை.

பெண்களை வெளியே கூட்டிப் போவது லேசுப்பட்ட காரியமில்லை. பத்திரமாகத் திரும்பி வருவார்கள் என்று நம்பித்தான் ஆண்கள் அவரோடு வீட்டுப் பெண்களை அனுப்பினார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர் ஒரு முறை வைத்திருந்தார். பஸ்ஸின் நடுவில் படுதா கட்டுவார். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி வெள்ளைத் துப்பட்டி, முகம் மறைக்க ஆளுக்கொரு கறுப்புக் குடை. பஸ்ஸில் ஏறியதும் குடையை மடக்கி மேலே ஓடும் கம்பியில் மாட்டிவிட வேண்டும். படுதாவுக்கு மேலே கம்பி மட்டும் தெரியும். நஸ்ருதீன் அந்நியப் பெண்களை ஏறிட்டுப் பார்க்க மாட்டார், பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். குடைகளை எண்ணுவார். குடை சரி என்றால் ஆள் சரி. "போலாம், ரைட்!" இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கணக்குத் தப்பியதில்லை.

அவருடைய மனைவி ருக்கையாவுக்கு அந்தக் கதை மனப்பாடம். சனிக்கிழமை ராச்சோற்றின்போது அவளை எதிரில் உட்கார வைத்துத்தான் அவர் ஒத்திகை பார்ப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஊருப் பொம்பளைங்களுக்கெல்லாம் அந்த ரூமைக் காட்டுறீங்க. எனக்கு மட்டும் வாயாலேயே காட்டுறீங்களே."

"அடுத்த தரம் பாப்போம் புள்ள. சீட்டு பூரா ஃபுல்லாயிருச்சு" என்பார். அடுத்த தரமும் ஃபுல்லாகத்தான் இருக்கும்.

அறுபத்து நாலு தை மாதத்தில்தான் அவளுக்கு வேளை வந்தது. அதுவும் ஆசைக்காக இல்லை. சாப்பாடு பரிமாற வழக்கமாக வரும் ஆசியா உம்மாளுக்குக் காய்ச்சல். வேறு கை கிடைக்கவில்லை. "நீ வந்துடு" என்றார். அது போதும் என்று ருக்கையா விடிவதற்கு முன்பே எழுந்து பெரிய தேக்சாவில் பிரியாணியைத் தம் போட்டு, பெட்டியிலிருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

பஸ் புறப்படுகிற நேரத்தில், தெருவுக்கே மூத்தவளான ரஹ்மத் பீவி குடைக்கம்பி முறிந்துபோய் நின்றாள். நஸ்ருதீன் யோசிக்கவே இல்லை.

"இந்தா புள்ள, ஒன் கொடையை மாமிக்குக் குடுத்துடு. நீ வண்டியிலயும் தோட்டத்துலயும்தானே இருக்கப் போற."

ருக்கையா கொடுத்துவிட்டாள். கடைசி பெஞ்சில் தேக்சாவுக்கும் தட்டு மூட்டைக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். நஸ்ருதீன் கம்பியைப் பார்த்து, சீட்டுக்குக் காசு கொடுத்த பெண்களின் கணக்குக்குக் குடைகளை எண்ணினார். சரியாக இருந்தது. "போலாம், ரைட்!"

மரைக்காயர் தோட்டத்தில் அவர் அன்றைக்கு என்றுமில்லாத உற்சாகத்தில் இருந்தார். மனைவி கேட்கிறாளே என்று குரல்கூடக் கொஞ்சம் ஏறியிருந்தது. அவள் கேட்கவில்லை. சமையல் கட்டுப் பக்கம் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போன பெண்கள் இறங்கி வந்து சாப்பிட்டார்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவள் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தாள். அதற்குள் நஸ்ருதீன் வந்துவிட்டார்.

"தேக்சாவை இப்பவே கழுவிடு. அடி புடிச்சா ஜமாத்துல நம்மளத்தான் கேப்பாங்க."

அந்தத் தேக்சா ஜமாத்துச் சொத்து. கல்யாணம் காட்சிக்கு வாடகைக்குப் போவது. ருக்கையா அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் படித்துறைக்கு இறங்கினாள்.

மேற்கே மேகம் கறுத்தது. மழை பிடித்தால் கரை மண்ணில் பஸ் மாட்டிக்கொள்ளும். நஸ்ருதீன் கையைத் தட்டி எல்லாரையும் விரட்டினார். பெண்கள் தடபுடலென்று ஏறினார்கள், குடைகளை மாட்டினார்கள். அவர் எண்ணினார். சரியாகத்தான் இருந்தது.

சிதம்பரம் வந்து கீழவீதியில் பஸ் நின்றது. பெண்கள் வளையல் கடைப் பக்கம் இறங்கிப் போனார்கள். டிரைவர் தங்கராசுக்குக் குடிக்கத் தண்ணி எடுத்துத் தருவோம் என்று நஸ்ருதீன் பஸ்ஸின் பின்பக்கம் ஏறினார். தட்டு மூட்டை இருந்தது. தண்ணி டிரம் இருந்தது.

"ஐயய்யோ! தேக்சா எங்க?" என்று போட்டாரே ஒரு சத்தம், வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வளையல் கடையிலிருந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஜமாத்துக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்! தேக்சாவை எவன் எறக்குனான்?"

தங்கராசு வாசற்படியில் நின்றபடி நிதானமாகச் சொன்னார். "அம்மாதானே பாய் கழுவ எடுத்துக்கிட்டுப் போனாங்க? அவுங்களைக் கேளுங்க."

நஸ்ருதீன் கடைசி பெஞ்சைப் பார்த்தார். தேக்சா வரவில்லையென்றால் அவளும் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

செய்தி கேட்டு ரஹ்மத் பீவி மூச்சிரைக்க வந்து ஏறினாள்.

"கொடையெல்லாம் சரியா இருந்துச்சே மாமி" என்றார் நஸ்ருதீன். குரல் அழுகிற பிள்ளையின் குரலாக இருந்தது.

"எங்கையில இருக்கே இந்தக் கொடை, இது யாரு கொடை? ஒன் பொண்டாட்டி கொடை. ரெண்டு பேருக்கு ஒரு கொடைன்னா கணக்கு எப்படிடா சரியா வரும்?" பீவி அவரை அடிக்காத குறை. "வண்டியைத் திருப்பச் சொல்லு. வளையலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

எல்லாரும் ஏறினார்கள். பஸ் தோட்டத்துக்குத் திரும்பியது. தூறல் விழுந்தது. நஸ்ருதீன் என்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து, ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினார். கார்த்திகை மழைக்கு ஏரி நிரம்பிக் கிடந்தது நினைவுக்கு வந்தது. படித்துறைப் பாசி நினைவுக்கு வந்தது. ஒரு பெண்பிள்ளை வழுக்கி விழுந்தால் கூப்பிடுகிற தூரத்தில் யாருமில்லை. இதையெல்லாம்விட வேறொன்றுதான் அவரை அரித்தது. கீழவீதியில் நின்று அவர் அலறியது தேக்சாவுக்கு. அதை அவ்வளவு பேரும் கேட்டார்கள். அதை இனி அவர் எதைக் கொண்டும் அழிக்க முடியாது.

தோட்டத்துக் கேட் பூட்டியிருந்தது. காவல்காரர் சாமிக்கண்ணு பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். தங்கராசு ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நஸ்ருதீன் காத்திருக்கவில்லை. இடிந்த சுவரில் ஏறிக் குதித்தார். கைலி கிழிந்தது. பின்பக்கம் ஓடினார்.

படித்துறையில் தேங்காய் நாரும் சாம்பலும் கிடந்தன. மேல்படியில் ருக்கையாவின் செருப்பு. ஆள் இல்லை, தேக்சாவும் இல்லை.

கடற்கரை ஊர்க்காரர்தான், நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கத்தினார். "ருக்கையா! ருக்கையா!"

நாலு பேர் காதில் விழும்படி மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர்கள் வீடுகளில் அது வழக்கமில்லை. 'இந்தா புள்ள'தான். பின்னாலேயே சுவரேறி வந்த தங்கராசு அவர் கையைப் பிடித்து இழுத்தார். "பாய், வேணாம் பாய், மேல வாங்க." அவர் உதறிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போனார்.

"இங்கதான் இருக்கேன்" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

மாடியில், மரைக்காயர் மனைவியின் அறையில், ருக்கையா உட்கார்ந்திருந்தாள். மடியில் தேக்சா. புடவை முழங்கால்வரை சேறு. பஸ் கிளம்பும் சத்தம் கேட்டதும் செருப்பை விட்டுவிட்டு, தேக்சாவைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வந்திருக்கிறாள். கேட்டுக்கு வந்தபோது புழுதிதான் மிச்சம். சாமிக்கண்ணு பூட்டிக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் திறந்திருப்பார். கையில் மறைக்கக் குடையில்லை, துணைக்கு ஒரு பெண்ணில்லை, தனியாக அந்நிய ஆம்பிளை முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். அவர் போன பிறகு மாடிக்கு ஏறிவிட்டாள். அந்த வீட்டில் ஒரு பெண் ஒளிந்துகொள்ள அவளுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். அதைச் சொல்லிக் கொடுத்தவரே புருஷன்தானே.

நஸ்ருதீன் ஈரம் சொட்ட வாசலில் நின்றார். பெண்கள் கட்டென்று அதுவரை அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. பார்த்து வந்த பெண்கள் யாரும் அவரிடம் அதைப் பற்றிப் பேசியதுமில்லை.

"நீங்க கத்துனது கேட்டுச்சு. ஆனா ஆள் தெரியல" என்றாள் ருக்கையா. "இங்கேருந்து ஏரி தெரியாது. சொவருதான் தெரியுது. நீங்க வந்து பாத்ததே இல்லியா?"

அவர் பக்கத்தில் போய்க் குனிந்து சாளரத்தின் வழியே பார்த்தார். மொட்டைச் சுவர் ஒன்று, அதன்மேல் ஒரு துண்டு வானம்.

ஹாரன் சத்தம் கேட்டு வந்த சாமிக்கண்ணு கேட்டைத் திறந்துவிட்டார். பஸ்ஸில் ரஹ்மத் பீவி தன் இடத்தைக் கொடுத்து அவளை முன்னால் படுதா ஓரத்தில் உட்கார வைத்தாள். குடையையும் கொடுத்தாள். படுதாவுக்கு இந்தப் பக்கம் நஸ்ருதீன். அன்று அவர் எண்ணவும் இல்லை, ரைட் சொல்லவும் இல்லை. தங்கராசு தானாகவே வண்டியை எடுத்தார்.

வண்டி கடலூர் மெயின் ரோட்டில் ஏறிய பிறகு அவள் மெல்லக் கேட்டாள். "நான் இல்லேன்னு எப்பத் தெரிஞ்சுது?"

ஏறினதுமே தெரிஞ்சிடுச்சு என்று சொல்லியிருக்கலாம். கதை கட்டுகிற வாய்தான் அது. ஆனால் நாளைக்குக் காலையில் தெருவே அவளிடம் சொல்லப் போகிறது. அதற்காக மட்டும் இல்லை. பொய் சொல்ல அவருக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

"சிதம்பரத்துலதான். மொதல்ல தேக்சாவைத்தான் தேடினேன். அப்புறம்தான் நீ இல்லேன்னு தெரிஞ்சுது."

 படுதா விலகியது. ருக்கையா மடியிலிருந்த தேக்சாவைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க. நல்லாக் கழுவியிருக்கேன், பாத்துக்குங்க."

படுதாவை இழுத்து மூடிக்கொண்டாள். ஊர் வரும்வரை நஸ்ருதீன் அந்தத் தேக்சாவைக் கீழே வைக்கவில்லை. அழுதார். தங்கராசு பார்த்தும் பார்க்காதவராக ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

டூர் நின்றுவிடவில்லை. பிழைப்போடு கலந்த ஆசை அவ்வளவு சீக்கிரம் விடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் சீட்டு உனக்குத்தான் என்று ருக்கையாவைக் கூப்பிடுவார். "பாத்தாச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். ஒத்திகைக்கும் அவள் எதிரில் உட்காருவதில்லை. குடை எண்ணுவதை அவர் விட்டுவிட்டார். ரஹ்மத் பீவி உள்ளே நடந்து ஒவ்வொருத்தியின் முகமாகப் பார்த்துச் சரி என்பாள். பீவி சரி என்ற பிறகும் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, படித்துறைவரை தனியாக நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஏறுவார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

மரைக்காயர் கதையை மட்டும் அதோடு நிறுத்திவிட்டார். பழைய ஆட்கள் யாராவது விடாமல் கேட்டால், மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

"அந்த ரூமுலேருந்து ஏரி தெரியாதுங்க" என்பார்.