சின்னவருக்கு வைத்த விரதம்

ஒக்டோபர் 25, சனிக்கிழமை. கந்தசஷ்டி நான்காம் நாள்.

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தலைக்குக் குளித்து, சாமியறையில் விளக்கேற்றி, ஆறு மணிக்குப் பால் காய்ச்சினேன். ஏழு மணிக்கு ஆமைத் தொட்டியின் லைட்டைப் போட்டேன். தண்ணீரின் சூடு இருபத்தாறு டிகிரி. சரி. ஏழு பத்துக்கு, நகை நிறுக்கிற சின்னத் தராசில் அவரை எடுத்து வைத்தேன்.

பதினொன்று தசம் எட்டு கிராம்.

மூன்று வாரத்துக்கு முன் கிரவீன் என்ற ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது பதினாலு தசம் இரண்டு!

'அவர்' என்றது என் கணவரை அல்ல. ஒரு நீள்கழுத்து ஆமைக்குஞ்சை. தீப்பெட்டி அளவு. என் கணவர் வைத்த பெயர் 'சின்னவர்'.

இருபது வருடம் வேலை செய்த வேர்ஹவுஸ் மூடப்பட்டபின் ஆறு மாதமாகக் கணவர் வீட்டில்தான். பத்து மணிக்கு எழும்புவார். டீவி முன்னால் கதிரையில் இருப்பார். கேட்டதற்கு "ஓம்", "இல்லை" — அவ்வளவுதான். அந்த மனிதர் ஒருநாள் திடீரென்று, "ஒரு ஆமை வளப்பமா?" என்று கேட்டார். இருபத்தேழு வருடத்தில் தனக்கென்று என்னிடம் அவர் கேட்ட ஒரே பொருள். மறுப்பேனா? இந்த நாட்டில் ஆமை வளர்க்க லைசென்ஸ் வேண்டும்; அந்த ஃபோமை நானே நிரப்பினேன்.

சின்னவர் வந்த நாளிலிருந்து கணவர் ஏழு மணிக்கு எழும்பினார். தொட்டிக்கு முன்னால் இருந்து கதைத்தார். "என்ன சின்னவர், நித்திரை முறிஞ்சுதோ?" அவர் கதைக்க, நான் கொப்பியில் எழுதினேன். சூடு, சாப்பாடு, லைட் போட்ட நேரம், அணைத்த நேரம். நான் மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறவள். எழுதாதது நடக்காதது — அதுதான் எங்கள் பிரிவின் வேதம்.

பிழை விட்டது முதல்நாளே.

கையில் ஒரு பைக்கற்றோடு அவர் குசினிக்குள் வந்தார். "இஞ்சை பார் வசந்தி, இதைப் பிறீசருக்குள்ளை வைக்க வேணும். சின்னவற்றை சாப்பாடு."

"என்ன உது?"

"புழு."

"ஐயோ! கேதார கௌரி விரதம் முடியுமட்டும் உந்தச் சாமான் என்ர குசினிக்குள்ளை வரப்படாது."

"அப்ப இவர் என்னத்தைத் தின்னுறது?"

"நாங்கள் என்னத்தைத் தின்னுறம்? கீரை குடுப்பம். ஆமை கீரைதானே தின்னும்!"

புழு கராஜில் ஐஸ் போட்ட ஒரு எஸ்கிப் பெட்டிக்குப் போனது. இரண்டு நாளில் உருகி மணத்தது. மூன்றாம் நாள் குப்பைக்குப் போனது — நான்தான் போட்டேன். தீபாவளியோடு கேதார கௌரி முடிய, அடுத்த நாளே கந்தசஷ்டி. இன்னும் ஆறு நாள்தானே என்றேன். ஆமைகள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்குமென்று எங்கேயோ வாசித்திருந்தேன். அது வளர்ந்த ஆமைகளைப் பற்றி எழுதியது. அந்த வரியை நான் வாசிக்கவில்லை.

சனிக்கிழமை தராசில் வைத்தபோது சின்னவர் கழுத்தை நீட்டவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. முதுகு ஓட்டின்மேல் விரல் வைத்தேன்... ஈரப் பிஸ்கட் போல அமுங்கியது.

பத்தரைக்கு நாங்கள் இருவரும் மிருக வைத்தியரிடம் போனோம். இளம்பெண். ஆங்கிலத்தில் அமைதியாகக் கேட்டாள், என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று. நான் கொப்பியை நீட்டினேன் — சொல்ல வெட்கம், கொஞ்சம் பெருமையோடுதான் நீட்டினேன். தமிழில் இருக்கிறதே, வாசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

வாசித்தேன். கீரை. கீரை. கரட். கீரை. கீரை...

இரண்டாம் பக்கத்தோடு நிறுத்தினேன்.

"புழு? மீன்? இறால்? ஒன்றுமே இல்லையா? இந்த வயதில் அதுதானே இதற்கு உணவு!"

"எங்கள் வீட்டில் இது விரத காலம்."

"ஆமைக்குமா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது கணவர் தொண்டையைச் செருமினார். "நான் ரெண்டு தரம் குடுத்தனான்."

"என்னத்தை?"

"மண்புழு. பின்வளவிலை கிண்டி எடுத்தது. நீ வியாழக்கிழமையிலை கோயிலுக்குப் போன நேரம். பிறகு பயத்திலை விட்டிட்டன்."

"ஆருக்குப் பயந்து?"

அவர் வைத்தியரிடம் திரும்பி, மண்புழு கொடுத்ததை ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் சொன்னாள், இன்றுவரை இது உயிரோடு இருப்பது அதனால்தானாக இருக்கலாம் என்று.

அந்த இரண்டு வியாழன்களையும் கொப்பியில் தேடினேன். ஒன்பதாம் தேதி: 'நல்ல சுறுசுறுப்பு. கீரை ஒத்துக்கொள்கிறது.' பதினாறாம் தேதி: 'சுறுசுறுப்பு. கீரையைத் தொடரலாம்.'

என் கையெழுத்து. தேதி, நேரம், எல்லாம் சரி.

ஊசி போட்டார்கள். கல்சியம், விற்றமின், தண்ணீர்ச் சத்து. நாளை காலையிலிருந்து புழு. இரண்டு மூன்று நாள் பார்ப்போம், அதிகம் நம்ப வேண்டாம் என்றாள்.

காரில் வரும்போது சின்னவரின் பெட்டி கணவரின் மடியில் இருந்தது. மெரிலேண்ட்ஸைத் தாண்டினோம். பிறகு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"ஆமை பூந்த வீடு உருப்படாது எண்டு சொல்லுவினம். வீடு நல்லாத்தான் இருக்கு. ஆமைதான்..."

 அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விரதம் என்பது என்ன? நாம் விட்டுக்கொடுப்பது. எனக்குப் பசித்தால் அது என் விரதம். என் கூரையின் கீழ் இருக்கிற எல்லோரையும் பசிக்க வைத்துவிட்டு, புண்ணியத்தை மட்டும் என் பெயரில் வரவு வைத்தால்? வாயில்லாத ஒரு ஜீவன் தொட்டிக்குள் வாடியது. வாயிருந்த மனிதர் ஒருவர் எனக்கு ஒளித்து மண் கிண்டினார். ஒழுங்கான வீடு என்று நான் நினைத்தது இதைத்தான்.

வழியில் ஒரு பைக்கற் புழு வாங்கினோம். பிறீசரில் தேங்காய்ப்பூப் பைக்குப் பக்கத்தில் நானே வைத்தேன். அன்று பின்னேரம் கணவர் சாப்பிடவில்லை. அவருக்கு விரதம் இல்லை.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குளிக்கவில்லை. விளக்கேற்றவில்லை. கொப்பியைத் தொடவில்லை. நேரே குசினிக்குப் போய், ஒரு புழுக்கட்டியை எடுத்து, என் கையாலேயே தண்ணீரில் கரைத்தேன். தொட்டிக்கு முன்னால் கணவர் ஏற்கெனவே இருந்தார். சின்னவரின் கண் மூடியே இருந்தது. ஒரு புழுவை மூக்கருகே பிடித்தேன். அசைவில்லை. முதல்தடவையாகச் சின்னவரோடு கதைத்தேன்.

"நான் விரதத்தை முறிச்சுப்போட்டன், சின்னவர். நீங்களும் முறியுங்கோ."