கடைசிச் சரணத்தில் என் பேர்

இப்போது எங்கே திரும்பினாலும் ராப். டீத்தூள் விளம்பரத்துக்கு ராப், தேர்தலுக்கு ராப், நகைக்கடைத் திறப்புக்கும் ராப். போன மாதம் டிவியில் ஒருவர், கூலிங் கிளாஸைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு, சென்னையில் இதெல்லாம் காலேஜ் பசங்க இன்டர்நெட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டது என்றார். ரிமோட்டைத் தூக்கி அடித்திருப்பேன். டிவிக்குத் தவணை கட்டியவள் நான் என்பதால் விட்டேன்.

எங்களுக்கு ஏது இன்டர்நெட்? எங்களுக்கு அது கப்பலில் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. என் அண்ணன் ஹார்பரில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலையில் இருந்தான். ஒரு நாள் வெளிநாட்டு மாலுமி ஒருவர் அவனுடைய டிபன் டப்பாவில் இருந்த வறுத்த நெத்திலியை ருசி பார்த்துவிட்டு, பதிலுக்கு ஒரு கேசட்டைக் கொடுத்தார். அட்டை கிடையாது, பேர் கிடையாது.

எங்கள் வீடு எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில். சுற்றிலும் புகைபோக்கி, தலைக்கு மேல் பெரிய பெரிய கரண்ட் கம்பி, ஆனால் வீட்டில் மட்டும் கரண்ட் நிற்காது. டேப் பேட்டரியில்தான் ஓடும், அதுவும் வெயிலில் காய வைத்துத் திரும்பத் திரும்பப் போடுகிற, சாகப்போகிற பேட்டரி. அதனால் அந்த ஆள் பாடியது ஏதோ கிணற்றுக்குள் உட்கார்ந்து நிதானமாகத் திட்டுவதுபோல் கேட்டது. ராப் என்றாலே அப்படித்தான் போலிருக்கிறது என்று நாங்களும் பல மாதம் அந்த வேகத்திலேயே பழகினோம். புது பேட்டரி போட்ட அன்றுதான் அவர் எவ்வளவு வேகமானவர் என்று தெரிந்தது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் ஒன்றைக் கண்டுபிடித்தது அண்ணன்தான். “இந்தாமே, கேளு. முடிக்கசொல்லோ அந்தாளு ஒரே பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்றான் பாரு. அது அவன் பேருதான். அப்பால ஏரியா பேரைச் சொல்றான். நம்ப கானா மாதிரியே கீது.”

எங்கள் பக்கத்தில் கானா பாட்டை யாரும் எழுதி வைப்பதில்லை. கட்டியவர் தன் பேரையும் ஏரியாவையும் கடைசிச் சரணத்தில் போட்டு முடிப்பார். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அந்தப் பாட்டைப் பாடலாம், ஆனால் அந்தச் சரணத்தை விழுங்கக் கூடாது. சாவு வீட்டில் ஒருத்தன் விழுங்கினால் கூட்டமே நிறுத்திக் கேட்கும், பாட்டு யாருது என்று. அடுத்தவர் பேர் இருந்த இடத்தில் தன் பேரைச் சொருகினவன் அதற்குப் பிறகு எந்த ஏரியாவிலும் மேளத்துப் பக்கம் வர முடியாது. எங்களுக்குப் பத்திரம், பட்டா எல்லாம் அந்தச் சரணம்தான்.

நான் அப்போது வண்ணாரப்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓவர்லாக் மெஷின் ஓடும் சத்தத்துக்கு வார்த்தைகளைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே தைப்பேன். அண்ணனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பிறந்ததிலிருந்தே இழுப்பு. மூச்சு வாங்கும்போது அதன் விலா எலும்பு உள்ளே போய் வருவதைப் பார்க்கவே முடியாது. கொடியில் போட்ட துணியிலும் அம்மா காய வைத்த கருவாட்டிலும் சாம்பல் படிந்திருக்கும். எந்தக் கம்பெனியைக் கேட்டாலும் எங்களுடையது இல்லை என்பார்கள். அப்படியென்றால் வானம் பீடி பிடிக்கிறதா? அந்த வயிற்றெரிச்சலில் கட்டியதுதான் என் பாட்டு.

“தொவச்சி போட்ட பொடவ மேல சாம்பல் வந்து குந்திச்சி,
காய வச்ச கருவாட்டுல கம்பெனித் தூளு சேந்திச்சி,
இருமிகினே பொறந்த பாப்பா இன்னா பாவம் செஞ்சிச்சி?”

கடைசியில், வழக்கப்படி:

“எண்ணூரு பஸ்ஸ புடி, எறங்கிக்கினு கேளு,
எம்பேரச் சொன்னா வூடு காட்டும் எந்தக் குப்பத்து ஆளும்.”

அதற்கு அடுத்த அடியில் என் பேர் வரும். இங்கே அதை எழுத மனம் வரவில்லை.

காலடிப்பேட்டையில் ஒரு காதுகுத்தில் மைக் கிடைத்தது. அண்ணன் பிளாஸ்டிக் டிரம்மைத் தட்ட, நான் பாடினேன். பாப்பா வரி வந்தபோது பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் இருமுகிற குழந்தை இருந்தது. அந்தக் கூட்டத்தில்தான் சினிமாவுக்கு இசை சேர்க்கும் ஒருவரும் இருந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. “இது ராப்பும்மா. தமிழ்ல இந்த மாதிரி நான் கேட்டதே இல்ல. ஊர் முழுக்கக் கேக்க வேணாமா?” என்றார்.

வேண்டும்தான். அதைத்தானே நான் கேட்டேன். சாம்பல் எங்கள் தலையில் விழுகிறது என்று பாலம் தாண்டி மீதிச் சென்னையில் இருக்கிறவர்களும் கேட்க வேண்டும், சொன்னது யார் என்றும் தெரிய வேண்டும்.

வடபழனிப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் தியேட்டருக்கு அண்ணனும் நானும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனோம். முழுப் பாட்டையும் பாடினேன். கிளம்பும்போது அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டான், “சார், எழுதிகிழுதி எதுனா குடுக்கணுமா?”

அவர் சிரித்தார். “எதுக்குப்பா? அதான் பாட்டுலயே உங்க பேரு இருக்கே.”

எங்கள் வழக்கத்தை எங்களுக்கே எடுத்துச் சொன்னார், பாவி. நாங்களும் பூரித்துப்போய் பஸ் ஏறினோம்.

படம் வந்தது. திருவொற்றியூரில் ஒரு தியேட்டருக்குக் குடும்பத்தோடு போனோம், அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். என் பாட்டைத் திரையில் பாடியது ஒரு குடிகாரன். லுங்கியைத் தூக்கிக் கட்டிய காமெடியன், எங்கள் பேச்சைக் கோணவாய் வைத்துப் பேசிக்கொண்டு ஆடினான். “இருமிகினே பொறந்த பாப்பா” என்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லொக் லொக் என்று இருமிக் கீழே விழுந்தான். தியேட்டரே சிரித்தது. அண்ணி குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் கடைசிச் சரணத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அது வரவில்லை. பாட்டு முடிந்து சண்டை ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் எஸ்டிடி பூத்திலிருந்து அவருக்குப் போன் போட்டேன். “கடைசி சரணம் ரொம்ப லோக்கலா இருந்துச்சும்மா, நீளமும் ஜாஸ்தி,” என்றார். லோக்கலாம்! எங்கள் சாம்பலும் இருமலும் லோக்கல் இல்லை, என் பேர் மட்டும் லோக்கல். “பொழச்சிப் போ சார்” என்று வைத்துவிட்டேன். இன்னும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் பாத்திரம் விளக்கும்போது அந்த நாலு வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் அந்த டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்க ஆரம்பித்தான்.

எஃப்எம் ரேடியோ வந்த பிறகு தையல் ஹாலில் அந்தப் பாட்டு தினமும் வந்தது. பாப்பா வரி வரும்போதெல்லாம் யாராவது லொக் லொக் என்று இருமிக் காட்டுவார்கள். என்னுடைய பாட்டு என்று நான் சொன்னதைக் கேட்டுச் சூப்பர்வைசர், “அப்ப நாளையிலேர்ந்து கார்ல வருவியா?” என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஆயுத பூஜையன்று கம்பெனியில் மைக் வைத்தார்கள். எத்தனை நாள்தான் பொறுப்பது? எழுந்து போய், மாலை போட்ட மெஷின்களுக்கு நடுவில் நின்று, குடிகாரன் பாடியது மாதிரி இல்லாமல் நான் கட்டிய மாதிரி பாடினேன். யாரும் இருமவில்லை. கடைசிச் சரணத்தை, என் பேரோடு, ஏரியாவோடு, ஒரு எழுத்து விடாமல் பாடி முடித்தேன். கை தட்டினார்கள்.

பொரி வாங்கிக்கொண்டு திரும்பியபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த வியாசர்பாடிப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் அப்பா கானா பாடுகிறவர் என்று முன்பே சொல்லியிருந்தாள். மற்றவர்கள் காதில் விழாதபடி, எனக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்டாள்.

“யக்கா, ஷோக்கா பாடின. ஆனா அடுத்தவங்க பாட்டுல போயி உன் பேரை சேத்துகினியே, அது தப்பு இல்லியா? எங்க நைனா மட்டும் கேட்டுகினு இருந்தா உன்ன நடு ஹால்லயே நிறுத்திருக்கும்.”

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வழக்கப்படி, அவள் கேட்டது நியாயம்தான்.