சுருளியம்மாள் டீச்சரும் ஏணிப்படியும்

சுருளியம்மாள் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூற்றாறில், நல்ல வகுப்பு என்றால் ஈ பறக்கிற சத்தம் கேட்க வேண்டும். மேற்பார்வைக்கு வந்த சுந்தரலிங்கம் சார் அப்படித்தான் சொன்னார். சில வருடம் கழித்து அதே சார் ஏதோ பயிற்சிக்குப் போய்த் திரும்பி, குழந்தை ஆடிப்பாடினால்தான் கற்கும் என்றார். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முயலாகவும் தவளையாகவும் குதித்தார். இரண்டாயிரத்தேழில் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆசிரியர் கற்பிக்கவே கூடாது, பிள்ளை தானே கற்கும், நீங்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தால் போதும் என்றார் சார். மூன்று தடவையும் முகத்தில் ஒரே ஞான ஒளி.

ஆனாலும் இந்த மூன்றாவது, டீச்சருக்குப் பிடித்துப்போனது. கூடலூரில் பாதிப் பிள்ளைகளின் அம்மாமார் ஏலத்தோட்டத்து ஜீப்பில் மலையேறுகிறவர்கள். கருத்தம்மாளைப் போலத் தோட்டத்திலேயே தங்கி ஏலக்காய் எடுப்பவர்கள் பிள்ளையையும் கூட்டிப் போய்விடுவார்கள். பழைய முறையில், அவள் மகள் அபிதா திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். இப்போது சுவரில் தொங்கும் ஏணிப்படி அட்டவணையில், அவள் பெயர்ச்சீட்டு விட்ட படியிலேயே இருக்கும். அந்தப் படிக்கான அட்டையை எடுத்துத் தொடர வேண்டியதுதான். மெல்ல வாசித்தாள், ஆனால் வாசித்தாள்.

பிப்ரவரியில் சார் பார்வையிட வந்தார். மற்ற சீட்டுகளெல்லாம் மேலே இருக்க, அபிதா மட்டும் ஏன் அடியில் என்றார்.

"அவ வேகத்துல படிக்கட்டும்னு நீங்கதான சார் சொன்னீக."

"சொன்னேம்மா. மார்ச்சுக்குள்ள."

அறிக்கை ஒரே சீராகப் போக வேண்டுமாம். ஏற்றிக் குத்தச் சொன்னார். டீச்சர் அசையவில்லை. சாரே எழுந்து சீட்டைப் பிடுங்கி மேலே குத்தினார். நாட்டின் கல்வித்தரம் அந்தக் கணமே உயர்ந்தது.

பாயிலிருந்து அபிதா அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், நடுவுல உள்ளதெல்லாம் நான் படிச்சிட்டனா?"

டீச்சர் எழுந்துபோய்ச் சீட்டை உருவிப் பழைய இடத்தில் குத்தினார்.

"இல்ல ஆத்தா. இங்கனதான் இருக்க. அட்டைய எடு."

மெமோ வரும் என்றார் சார்.

"அனுப்புங்க சார். என்னையப் பத்தி என்ன வேணா எழுதுங்க. அவ பேரைத் தொடாதீக."

மெமோ வந்தது. குழந்தையை மையமாகக் கொண்ட கல்விக்கு ஒத்துழைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. மார்ச் முடிவதற்குள் அபிதா இரண்டே படி ஏறினாள். இரண்டையும் படித்து ஏறினாள்.