மோடம் மேல் போட்ட பழி

மணிமேகலைக்கு மேனேஜர் ஈஸ்வரன் மேல் கோபம் வந்ததே இல்லை. கோபப்படுவதற்கும் எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டும் என்று நினைப்பவள் அவள்.

அகரத்தில் சம்பங்கிப் பூ பயிரிடும் குடும்பம் அவளுடையது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, 2002இல் திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு விதைக் கம்பெனியின் கிளையில் சேர்ந்தாள். தினமும் மூன்று மணிக்கு டெலிபோன் லைனில் மோடத்தை மாட்டி, விதை இருப்பு விவரத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். மோடம் கீச்கீச்சென்று கத்தி இணையும். பாதி போவதற்குள் அறுந்துவிடும். ஒரு மாதமாக இதே கதை.

"பொம்பளப் பிள்ளைக கையில மிஷினக் குடுத்தா இப்படித்தான்," என்பார் ஈஸ்வரன், விதை வாங்க வந்தவர்கள் காதில் விழும்படி. அவருக்குக் கம்ப்யூட்டரை நிறுத்தக்கூடத் தெரியாது. திரையை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்.

மோடம் விற்ற பிரபு வந்தான். தட்டிப் பார்த்தான். "மோடம் போச்சு சார். புதுசு போட்ருவோம்." போன தடவையும் இதையே சொல்லித்தான் புதுசு போட்டிருந்தான்.

"செத்த நேரம் இருங்க," என்றாள் மணிமேகலை. மோடத்தோடு வந்த புத்தகத்தை முந்தின நாளே படித்திருந்தாள். லைன் வயரைக் கழற்றிவிட்டு, அதிலிருந்த கட்டளையைத் தட்டினாள். மோடம் தானே எழுத்துகளை அனுப்பி, தானே வாங்கிச் சரிபார்க்கும் சோதனை அது. ஒரு நிமிஷம் கழித்துப் பிழைக் கணக்கு திரையில் விழுந்தது. மூன்று சைபர்.

"மோடத்துல ஒரு கொறையும் இல்ல. இப்படி ஒரு டெஸ்ட் இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

"அதையெல்லாம் நம்ப முடியாதுங்க," என்றான் பிரபு. அந்தப் புத்தகத்தை அவன் பிரித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மோடம் சரியென்றால் லைனைத்தான் பார்க்க வேண்டும். வயரைத் தொட்டுக்கொண்டே போனாள். அலமாரிக்குப் பின்னால் ஒரு கிளை பிரிந்து, மேனேஜர் அறையில் இருந்த போனுக்குப் போனது. திரும்பி வந்து இணைப்பைப் போட்டுவிட்டுக் கண்ணாடித் தடுப்பு வழியே பார்த்தாள். இரண்டு நிமிஷத்தில் ஈஸ்வரன் பூனைபோல ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். இணைப்பு அறுந்தது.

அவள் உள்ளே போனாள். "எதுக்கு சார் போன எடுக்கறீங்க?"

"நீ யாருகிட்ட பேசுறேன்னு தெரியணும்ல. வயசுப் பிள்ள. உங்க அப்பாவுக்கு நான்ல பதில் சொல்லணும்."

"ஒரு மாசமா அந்தக் கீச்சுச் சத்தத்தக் கேட்டு என்ன சார் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

ஈஸ்வரன் ரிசீவரை மெதுவாக வைத்தார்.

அந்த வயரை அவளே பிடுங்கினாள். அன்றைய அறிக்கையின் அடியில், "இணைப்பு அறுந்ததற்குக் காரணம்: நான் பேசுவதாக நினைத்து மேனேஜர் ஒட்டுக்கேட்டது" என்று அடித்து, தன் பெயரையும் போட்டாள். ஒரு மாதத்தில் முதல் முறையாக அறிக்கை முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

மறுவாரம் மோடத்துக்குத் தனி லைன் வந்தது. ஈஸ்வரனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கீழே எட்டு வருஷம் வேலை பார்த்தாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஓய்வுபெற்ற அன்று, இந்தக் கிளைக்குக் கம்ப்யூட்டர் யுகத்தைக் கொண்டுவந்ததே தான்தான் என்று ஈஸ்வரன் மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மணிமேகலை தட்டில் இருந்த மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.